வரிசையில் ஓர் இடம்

ஆடி பிறந்து விதை மல்லாட்டை உடைக்கிற வேலை வந்துவிட்டால், பாஞ்சாலைக்குக் கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். நிலக்கடலைக்குத் திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்று பெயர். எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டையை மிஷினில் கொட்டி உடைத்துவிடலாம். விதைக்குப் போவதை அப்படிச் செய்ய முடியாது. பருப்பின் சிவப்புத் தோல் லேசாகக் கீறினாலும் மண்ணுக்குள் போய் அழுகிவிடும். அதனால் அவலூர்பேட்டை ரோட்டு மண்டியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் நசுக்கி உடைப்பார்கள். பொழுது சாய்வதற்குள் விரல் வீங்கி நகக்கண்ணில் ரத்தம் கட்டிவிடும். அந்த வலி தெரியாமல் இருக்கத்தான் பேச்சு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதில் தொடங்கி, யார் மகள் யாரோடு சினிமாவுக்குப் போனாள் என்பதில் வந்து நிற்கும். அந்தப் பேச்சுக்குப் பாஞ்சாலைதான் தலைமை.

அவளைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. தெருவில் யாருக்காவது இடுப்பு வலி எடுத்தால் முதலில் ஓடிப்போய் வெந்நீர் வைப்பவள் அவள்தான். ஆனால் நாக்கில் ஒரு சொல் ஊறிவிட்டால் அதைத் துப்பாமல் அவளால் இருக்க முடியாது.

ஓர் ஆடியில் அவள் அப்படித் துப்பிய சொல் ஒன்று உண்டு. அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி மண்ணாங்கட்டி என்பவன் வீடு. அவன் மகள் கோமதிக்கு விலாவில் வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் கல் என்றார்கள். கோமதிக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்போதெல்லாம் எங்கள் தெருக்களில் ஸ்கேன் என்றால் ஒரே அர்த்தம்தான். வயிற்றுப்பிள்ளைக்காரி போய்ப் படுப்பாள், உள்ளே பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். வேறு எதற்கும் அந்த மிஷின் உண்டு என்று யாரும் நம்பத் தயாராக இல்லை.

"கல்லாம், கல்லு! அந்தக் கல்லுக்குக் கை காலு மொளைக்காம இருந்தா சரி" என்றாள் பாஞ்சாலை, காயை நசுக்கிக்கொண்டே.

வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தச் சொல் போளூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கோமதியைப் பார்த்துவிட்டுப் பூ வைத்துப் போன அந்த ஊர் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கோமதி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மண்ணாங்கட்டியின் பெண்டாட்டி அதற்குப் பிறகு குழாயடியில் பாஞ்சாலை நின்றால் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். பாஞ்சாலை வருத்தப்பட்டாளா என்றால், பட்டாள். பிறகு மறந்துபோனாள். சொன்னவர்களுக்கு மறந்துபோவது வழக்கம்தான்.

அடுத்த ஆடியும் வந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் அது. வானம் கைவிட்டுவிட்டது. ஆடிக்காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு மலையைச் சுற்றிச் சுற்றி அடித்தது. விதைக்க முடியுமா என்று தெரியாமலேயே விவசாயிகள் விதை வாங்கி வைத்தார்கள், மண்டியில் பெண்கள் உடைத்தார்கள். பாஞ்சாலையின் புருஷன் ராமதாஸ் அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பாஞ்சாலை பேசுகிறதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசமாட்டான். இவர்களுக்கு ஒரே மகள், மணிமொழி. பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஜனங்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். பட்டா கேட்பவர்கள், முதியோர் பென்ஷன் கேட்பவர்கள், எல்லாரும் அந்தக் கடையில் வந்து "அந்த மணிப் பொண்ணு இருக்குதா? அதுதான் நம்ம சொல்றத அப்படியே அடிக்கும்" என்று கேட்பார்கள். பாஞ்சாலைக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மணிமொழிக்குக் கீழ்பென்னாத்தூரில் இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை மாறன், கிணற்று மோட்டார் எரிந்தால் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருகிறவன். நல்ல பையன். ஆவணியில் கல்யாணம். தகரப்பெட்டிக் கடை ஜானி பாஷாவிடம் பச்சை பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டிகூட வாங்கிவைத்தாகிவிட்டது. மாறனின் அம்மா சரோஜாவைக் கண்டால்தான் பாஞ்சாலைக்கு உள்ளூர உதறல். சரோஜா ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள், உற்றுப் பார்ப்பாள். வாயாடிகளுக்குப் பேசாதவர்களைக் கண்டால்தான் பயம். மாறனின் தங்கை கஸ்தூரி அம்மாவுக்கு நேர்மாறு. தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நிச்சயதார்த்தத்தன்று பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு, வளைகாப்புக்குப் போட்ட வளையல் இரண்டு கையிலும் குலுங்கக் குலுங்க, "நகருங்க, எங்க அண்ணிக்கு நான்தான் பூ வெச்சி விடுவேன்" என்று மணிமொழிக்குத் தலை பின்னிவிட்டவள் அவள்தான்.

ஆடி ஞாயிற்றுக்கிழமை தெருமுனை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. மணிமொழி தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றிவிட்டுத் தானும் இரண்டு சொம்பு குடித்தாள். மறுநாள் விடிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

"இன்னாடி ஆச்சி?"

"தொப்புளாண்ட முறுக்குதும்மா."

"முறுக்காம இன்னா பண்ணும்? சொம்பு சொம்பா ஊத்திகினா? அதுக்கு மேல கருவாட்டுக் கொழம்பு வேற. இரு, ஓமத்தண்ணி காய்ச்சித் தரேன்."

ஓமத்தண்ணீர் குடித்தாள், வாந்தி எடுத்தாள். பெருங்காயம் போட்ட மோர் குடித்தாள், அதையும் எடுத்தாள். சாயங்காலம் வலி தொப்புளை விட்டு இறங்கி வலது பக்கம், இடுப்பு எலும்புக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வலது காலை நீட்டினால் உயிர் போகிறது என்றாள். உடம்பு லேசாகச் சுட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் ராமதாஸ்தான், "ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போடி. மூஞ்சே சரியில்ல" என்றான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி இருந்தது. மலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர் ஒருவர் அதற்கு ஒரு ஸ்கேன் மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். அடியில் சக்கரம் வைத்த மிஷின். செவ்வாய், வெள்ளி என்றால் சுற்றுவட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் அத்தனை பேரும் அங்கேதான். அவசரப் பிரிவில் அன்றைக்கு இருந்தவர் டாக்டர் நூரைன். தகரப்பெட்டிக் கடை ஜானி பாஷாவின் மகள். ஊர்ப் பிள்ளை டாக்டராகி ஊரிலேயே வேலை பார்க்கிறது என்று எல்லாருக்கும் ஒரு வாஞ்சை.

நூரைன் மணிமொழியின் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். அமுக்கும்போதைவிடக் கையை எடுக்கும்போது மணிமொழி துடித்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவணியில" என்றாள் பாஞ்சாலை.

"கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போம்மா?"

மணிமொழி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாஞ்சாலைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "வயித்து வலின்னு வந்தா அதெல்லாம் இன்னாத்துக்கும்மா கேக்கறீங்க?"

"எல்லாரையும் கேக்கறதுதாம்மா" என்றார் நூரைன். "குடல்வால்னு ஒண்ணு இருக்கு. அது வீங்கியிருக்கும்னு எனக்குத் தோணுது. ஆனா பொம்பளப் புள்ளைங்களுக்கு சினைப்பையில கோளாறு இருந்தாலும் இதே எடத்துலதான் வலிக்கும். எதுன்னு தெரியாம கத்தி வெக்க முடியாது. ஸ்கேன்ல பாத்துட்டா தெரிஞ்சிடும். தோ, அந்த வராண்டாவுல போய் உக்காருங்க. நர்ஸ்கிட்ட சொல்லிடறேன், சீக்கிரம் உள்ள விடுவாங்க. எங்கயும் போயிடாதீங்க. லேட்டானா குடல்வால் வெடிச்சிடும்."

ஸ்கேன் என்ற சொல் காதில் விழுந்ததுமே பாஞ்சாலை யாராவது கேட்டார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்தாள். சுவரோரம் நீளத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அத்தனையிலும் வயிறுகள். சில பேர் கால் வீங்கி, சில பேர் தூக்குச்சட்டியும் பையுமாக, மாமியாரோடு, புருஷனோடு. வரிசையின் நடுவில் கை நிறைய வளையலோடு கஸ்தூரி உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலை மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினாள். தன் குரலே தன் காதில் கேட்டது. கல்லுக்குக் கை காலு மொளைக்காம இருந்தா சரி. வட்டம் சிரிக்கிற சத்தமும் கேட்டது. கஸ்தூரி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவாள்? வேறொன்றும் சொல்ல வேண்டாம். அண்ணி ஸ்கேனுக்கு வந்து உக்காந்திருந்தாங்கம்மா என்று சும்மா சொன்னாலே போதும். சரோஜா பதில் பேசமாட்டாள். உற்றுப் பார்ப்பாள். அப்புறம் கீழ்பென்னாத்தூர் சந்தையில் எவளாவது ஒருத்தி கல்லையும் காலையும் பற்றிப் பேசுவாள். பாஞ்சாலைக்கு அது தெரியும். அவளைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

"நட" என்று மகளைத் திருப்பினாள்.

"எங்கம்மா? உக்காரச் சொன்னாங்களே."

"இங்க கும்பலா கீது. அப்புறமா வரலாம்."

"யாரு பாத்தா இன்னாம்மா? உக்காந்துட்டுப் போலாம். என்னால நிக்க முடியல."

"வாய மூடிகினு நடடி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. வளையல் குலுங்குகிற சத்தம் கேட்டது. பாஞ்சாலை திரும்பவே இல்லை. மகளைப் பாதி சுமந்து, பாதி இழுத்து, ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கேட் வழியாக வெளியே வந்துவிட்டாள்.

சமுத்திரம் ஏரிக்கரையில் அப்பாசாமி என்று ஒருவர். கை கால் சுளுக்கு எடுப்பார், குடலேற்றம் தட்டுவார். கனம் தூக்கினாலோ, கண்டதைத் தின்றாலோ குடல் இடம் மாறி ஏறிக்கொள்ளும் என்பதும், விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டால் இறங்கிவிடும் என்பதும் எங்கள் ஊர் நம்பிக்கை. அவரும் பாவம், கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கிற ஆள் இல்லை.

"டாக்டராண்ட காட்டினியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா, நேரா இங்கதான் வரோம்."

"ஒடம்பு சுடுதே. ஜொரம் இருந்தா நான் கை வெக்கறதில்ல."

"வெயில்ல நடந்து வந்த சூடுண்ணா அது. கூழு குடிச்சிது, சேரல. வேற ஒண்ணுமில்ல."

மணிமொழி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாசாமி சாக்கை விரித்துப் படுக்கவைத்து, வயிறு நிறைய விளக்கெண்ணெயை ஊற்றி, மேலிருந்து கீழாக உருவினார். ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்கு மணிமொழி அலறினாள். பாஞ்சாலை அவள் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பொறுத்துக்கோடி, என் கண்ணு இல்ல, பொறுத்துக்கோ" என்று தானும் அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் வலி ஏறிக்கொண்டேதான் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில், வெட்டிவிட்ட மாதிரி வலி நின்றது.

"அம்மா" என்று எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. "விட்டுடுச்சிம்மா. ஒண்ணுமே இல்ல இப்ப."

பாஞ்சாலை அடுப்பை விட்டு ஓடி வந்தாள். "மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான். பசிக்குது."

ரசம் வைத்து, சாதத்தைக் குழையப் பிசைந்து, இரண்டு கவளம் ஊட்டினாள். மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தாள். ராமதாஸ் மண்டியிலிருந்து தோளில் தூசியோடு வந்து சேர்ந்ததும், "பாத்தியா? ஸ்கேனாம், குடல்வாலாம், வெடிச்சிடுமாம்! கடைசியில கொடலு ஏறிகினு இருந்திருக்குது. அப்பாசாமிண்ணன் கை வெச்சாரு, தீந்துது" என்றாள். அன்று அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷம். வெடித்த பிறகு கொஞ்ச நேரம் வலி விடும் என்பது அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

விடிந்தபோது மணிமொழியின் உடம்பு அனலாகக் கொதித்தது. வயிறு ஊதி, பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. பச்சையாக வாந்தி எடுத்தாள். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், ஒரே ராத்திரியில் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டாள். ராமதாஸ் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தான். மகளை மூட்டை தூக்குகிற கையில் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் வைத்தான்.

நூரைன் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். "நேத்து வந்தவங்கதானே? எங்கம்மா போனீங்க? உங்கள எங்கெல்லாம் தேடினோம், தெரியுமா?"

பாஞ்சாலை தரையைப் பார்த்தாள்.

நூரைன் வயிற்றில் கை வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபத்தில் முகம் சிவந்துபோனது. மணிமொழியை எங்கேயும் நகர்த்துகிற நிலைமை இல்லை. டாக்டரே ஸ்கேன் அறைக்கு ஓடி, நர்ஸோடு சேர்ந்து அந்த மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தியது. வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று கட்டில் போட்ட கூடம் அது. மறைப்புத் தட்டி கிடையாது. பக்கத்துக் கட்டிலில் தேள் கொட்டின ஆள் ஒருவன், அவனைச் சுற்றி அவன் சொந்தக்காரர்கள். பாஞ்சாலை சட்டென்று தன் முந்தானையை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, மிஷினுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். மகள் உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், இவள் மிஷினை மறைக்கிறாள். அவளைத் திட்ட வருகிறது, திட்டவும் முடியவில்லை.

நூரைன் விளக்கெண்ணெயைத் துணியால் துடைத்தார். கூழ் மாதிரி எதையோ தடவி, சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கருவியை வலது பக்கம் வைத்து மெல்ல நகர்த்தினார். திரையில் சாம்பலும் கறுப்புமாக என்னென்னவோ அசைந்தது. பாஞ்சாலை முந்தானையை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

"குடல்வால் வெடிச்சிடுச்சி" என்றார் நூரைன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தோ கறுப்பா நிக்குதே, அது அத்தனையும் சீழு. கீழ வரைக்கும் எறங்கியிருக்கு. சிஸ்டர், சர்ஜனுக்குப் போன் பண்ணுங்க. ஆபரேஷன் தியேட்டர ரெடி பண்ணச் சொல்லுங்க."

கருவி அடிவயிற்றுக்கு இறங்கியது. அங்கேயும் ஒரு கறுப்பு. பாஞ்சாலை முந்தானையோடு திரையை நெருங்கினாள். அவள் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டாள். நாக்கில் ஊறிய சொல்லைத் துப்பாமல் இருந்து பழக்கம் இல்லாதவள்.

"டாக்டரம்மா... வேற... வேற ஒண்ணும் இல்லியே?"

"வேறன்னா?"

பாஞ்சாலை திரையில் அந்தக் கறுப்பையே பார்த்தாள். நூரைனின் கை ஒரு கணம் நின்றது. புரிந்ததும் அவர் பாஞ்சாலையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது சரோஜாவின் பார்வையைவிடக் கொடுமையாக இருந்தது.

"இல்ல" என்றார். திரையை அவள் பக்கம் திருப்பினார். "நல்லாப் பாத்துக்குங்க. ஒண்ணும் இல்ல."

மணிமொழி கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தாள். மயங்கிவிட்டாள் என்று பாஞ்சாலை நினைத்திருந்தாள். காய்ந்த உதடு அசைந்தது.

"பாத்துட்டியாம்மா?"

கேட்டுவிட்டு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

சர்ஜன் வந்தார், வயிற்றைத் திறந்து கழுவினார், குழாய் வைத்தார். நூரைன் வீட்டுக்கே போகவில்லை. ஜானி பாஷா மகளுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, விஷயம் தெரிந்து, ராமதாஸ் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "அல்லா இருக்கான் ராமதாஸ்" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சாப்பாட்டையும் அவனுக்கே கொடுத்தார். அவன் தூக்கைத் திறக்கவில்லை. மாறன் கிரீஸ் கையோடு ஓடி வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஆடி வெள்ளிக்கிழமை, ஊரெல்லாம் அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்த பகல் நேரத்தில், மணிமொழி போய்விட்டாள்.

கல்யாணம் ஆகாத பெண். மஞ்சள் பூசி, நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்த அரக்குப் புடவையைக் கட்டி, வாசலில் பந்தலின் கீழ் கிடத்தியிருந்தார்கள். மண்டியிலிருந்து பெண்கள் மொத்தமாக வந்து, பாஞ்சாலையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மல்லாட்டை உடைக்கிற அதே வட்டம். வேங்கிக்காலிலிருந்து மனுக்காரக் கிழவர்கள் நாலைந்து பேர் வந்து தள்ளி நின்றார்கள். மண்ணாங்கட்டியின் பெண்டாட்டியும் வந்தாள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போய் ஒதுங்கி நின்றாள்.

அழுகை ஓய்கிற இடைவெளியில் பாஞ்சாலைக்குப் பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"ஸ்கேனுக்கு உக்காரச் சொன்னாங்களாம். பின்பக்கமா ஓடியாந்துட்டாங்களாம்."

"ஏரிக்கரையில வயித்த உருவினாங்களாமே. எதுக்கு உருவுவாங்க? அதுவும் கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு?"

"அப்போ அதுதான்னு சொல்லு."

யார் குரல் என்று பாஞ்சாலை திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். பேசினது யாராக இருந்தாலும் அது அவளுடைய குரல்தான். எந்தச் சொல் வந்துவிடக் கூடாது என்று மகளை இழுத்துக்கொண்டு ஓடினாளோ, அந்தச் சொல்லுக்கு அவளே கை வைத்துக் கால் வைத்து நடுவாசலில் உட்காரவைத்துவிட்டாள்.

கீழ்பென்னாத்தூர் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சரோஜா மாலையோடு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் கஸ்தூரி வந்ததைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவர்களே திடுக்கிட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. "இன்னாம்மா இது, இட்டுகினு வந்துட்டீங்க?" என்று ஒருத்தி சரோஜாவைக் கேட்டாள்.

"சொன்னேன். கேக்கல" என்றாள் சரோஜா.

கஸ்தூரி யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மணிமொழியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தன் தலையில் இருந்த பூவை எடுத்து அவளுக்கு வைத்தாள். வளையல் குலுங்கியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாஞ்சாலை வட்டத்தைப் பிய்த்துக்கொண்டு எழுந்துபோய் கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லடி கஸ்தூரி! எம்பொண்ணு வயித்துல ஒண்ணும் இல்லடி! சீழுதாண்டி. வெறும் சீழுதான். நான் பாத்தேன். அந்த மிஷின்ல எங்கண்ணால நானே பாத்தேண்டி. உங்கம்மாவாண்ட சொல்லு. எல்லாராண்டயும் சொல்லு."

கஸ்தூரி அவளை விழித்துப் பார்த்தாள்.

"யாரு கேட்டாங்க அத்த?" என்றாள். "உங்கள யாரு கேட்டாங்க?"

பாஞ்சாலை அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அன்னிக்கி நான் உங்களப் பாத்தேன். அண்ணி மூஞ்சப் பாத்ததுமே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சிச்சி. அடுத்ததா என்னத்தான் கூப்பிட இருந்தாங்க. நர்ஸாண்ட சொல்லி, எனக்கு பதிலா அவங்களப் பாக்கச் சொல்லிட்டேன். பக்கத்து நாற்காலியில இருந்த என் பைய எடுத்துக் கீழ வெச்சிட்டு, அண்ணி வந்து உக்காரட்டும்னு எடம் வெச்சிகினு இருந்தேன். அத்த அத்தன்னு கூப்பிட்டேன். எழுந்து கைய ஆட்டினேன். நீங்க திரும்பியே பாக்கல." கஸ்தூரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மணிமொழியின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். "சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியில யாரையும் உக்கார விடல அத்த. தண்ணி குடிக்கப் போயிருப்பீங்க, வந்துடுவீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

பாஞ்சாலை அவள் கையை விட்டாள். அந்தத் தெருவில் எல்லாருக்கும் பதில் சொல்லி வாழ்ந்தவள். அங்கேயே, மகளின் காலடியில், வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.